பசிக்கதையில் இடமில்லாதவர்கள்

தமிழ் சினிமாவில் பெண்களின் வரலாற்றை நாம் ‘முதல்’ என்ற சொல்லைக் கொண்டே எழுதிவருகிறோம். முதல் கதாநாயகி, முதல் பெண் இயக்குநர், முதல் பெண் ஒளிப்பதிவாளர். பால்ய மணத்திலிருந்து வெளியேறி நாடக மேடைக்கு வந்த டி.பி. ராஜலட்சுமி 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி. 1936இல் தன் நாவலையே ‘மிஸ் கமலா’ என்று இயக்கியவர். பி. பானுமதி 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். சாவித்திரி 1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ எடுத்தபோது பாடகி பி. லீலாவை இசையமைக்க வைத்தார். பெருமைக்குரிய பெயர்கள்தாம். ஆனால் மூவரும் இயக்குநர் நாற்காலிக்கு வந்த வழி ஒன்றே. நடிகையாகப் புகழ் சேர்ந்த பிறகு, அந்தச் செல்வாக்கில் வந்தார்கள். கீழிருந்து படியேறி வரவில்லை. அந்தப் படிக்குப் பெயர் உதவி இயக்குநர்.

அந்தப் படியைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி. கோடம்பாக்கத்தில் இயக்கம் என்பது பெரும்பாலும் குருவிடம் கற்ற தொழில். புட்டண்ணா கனகலிடம் இருந்தவர் பாரதிராஜா; பாரதிராஜாவிடம் இருந்தவர் பாக்யராஜ்; அவரிடமிருந்து வந்தவர்கள் பாண்டியராஜன், பார்த்திபன். பாலுமகேந்திராவிடமிருந்து பாலா, ராம், வெற்றிமாறன். ‘யார் பட்டறை?’ என்ற கேள்வி இங்கே ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதற்குச் சமம். நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்த வம்சாவளியில் மகள் கிடையாது.

உதவி இயக்குநர் என்ன செய்வார்? கிளாப் அடிப்பார். நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுப்பார். துணை நடிகர்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கன்டினியூட்டி பார்ப்பார். காலையில் எடுத்த ஷாட்டில் நாயகி டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தாள், முந்தானை எந்தப் பக்கம் கிடந்தது, தலையில் பூ எத்தனை முழம், தாலி சேலைக்கு உள்ளேயா வெளியேயா? அதே காட்சியின் மீதியைப் பத்து நாள் கழித்து எடுக்கும்போது இதையெல்லாம் நோட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மானிட்டர் இல்லாத காலத்தில் நோட்டும் ஞாபகமும்தான் துணை. சரியாகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, பிசகினால் மட்டும் ஊருக்கே தெரியும். வீட்டு வேலை தெரிந்தவர்களுக்கு இந்த இலக்கணம் புதிதல்ல.

இதே வேலைக்கு ஹாலிவுட்டில் வெகுகாலம் ‘ஸ்கிரிப்ட் கேர்ள்’ என்று பெயர். அங்கே அது பெண்களின் வேலை. தட்டச்சர், காரியதரிசி வரிசையில் வைக்கப்பட்ட வேலை. இயக்குநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அந்த இடத்திலிருந்து அவர் நாற்காலிக்குப் போனவர்கள் அபூர்வம். பிரான்சில் த்ரூஃபோவின் ஸ்கிரிப்ட் கேர்ளாக இருந்து, உதவி இயக்குநராகி, ‘டே ஃபார் நைட்’ (1973) படத்தின் திரைக்கதையில் பங்குகொண்ட சுசான் ஷிஃப்மான் விதிவிலக்கு. கோடம்பாக்கத்தில் கன்டினியூட்டி நோட்டு ஆண்கள் கையில் இருந்தது. அங்கே மேலே போக வழியில்லாததால் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இங்கே மேலே போகும் வழி அதுவே என்பதால் கொடுக்கவில்லை. பெண்ணுக்குக் கவனம் போதாது, ஞாபகம் போதாது என்று இனி யாரும் காரணம் சொல்ல முடியாது.

கொடுக்கவில்லை என்றால், யாரோ வாசலில் நின்று மறித்தார்கள் என்றில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நம் இயக்குநர்கள் பேட்டிகளில் சொல்லும் பசிக்கதையைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து மஞ்சள் பையோடு வந்தது, வடபழனியில் நாலு பேர் தங்கும் அறையில் எட்டுப் பேர் படுத்தது, டீக்கடையில் கடன், வாய்ப்புக் கேட்டு சாலிகிராமத்துக்கு நடை, விடிய விடிய லாட்ஜ் அறையில் கதை விவாதம். உண்மையான பட்டினிதான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் பசியைப் படுவதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. எட்டாவது ஆளாகப் பாயில் சுருண்டுகொள்ள, இரவு இரண்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்ல, ஒரு பெண்ணுக்கு எங்கே முடிந்தது? திரைக்கதை கற்பிக்கப்பட்ட வகுப்பறையே அந்த லாட்ஜ் அறைதான்.

கேமரா பக்கத்தில் ஒரு கதவு சற்று முன்னதாகத் திறந்தது. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள் சுஹாசினியும் பி.ஆர். விஜயலட்சுமியும். விஜயலட்சுமி 1985இல் ‘சின்ன வீடு’ படத்துக்குத் தனித்து ஒளிப்பதிவு செய்தார். இருவரும் சினிமாக் குடும்பத்துப் பெண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்க அறை தேட வேண்டியிராதவர்கள். சுஹாசினியின் கதையை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாரதிராஜாவின் உதவியாளர் பாக்யராஜ் 1979இல் ‘புதிய வார்ப்புகள்’ நாயகனானார். அதே ஆண்டில் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ இயக்கினார். கேமரா உதவியாளர் சுஹாசினி 1980இல் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ நாயகியானார். தொலைக்காட்சிக்கு ‘பெண்’ தொடரை இயக்கியது நீங்கலாக, திரைப்படம் இயக்க 1995இன் ‘இந்திரா’வரை ஆயிற்று. ஆணுக்கு நடிப்பு இயக்கத்துக்கான குறுக்கு வழி. பெண்ணை அது முன்னால் நிறுத்தி, அங்கேயே வைத்துக்கொண்டது.

உதவி இயக்குநராக வேலை கற்று இயக்குநரான பெண்கள் கண்ணில் படும்படி வந்தது 2000க்குப் பிறகுதான். ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ (2002) படத்தின் எழுத்தில் பங்குகொண்ட வி. பிரியாவும் சுதா கொங்கராவும் மணிரத்னத்திடம் பணிபுரிந்தவர்கள். பிரியா 2005இல் ‘கண்ட நாள் முதல்’ எடுத்தார். சுதாவின் ‘துரோகி’ 2010இல் வந்தது. அடுத்த படமான ‘இறுதிச்சுற்று’க்கு 2016 ஆனது. ஹலிதா ஷமீம் புஷ்கர்–காயத்ரி, மிஷ்கின் ஆகியோரிடம் பணியாற்றிவிட்டு 2014இல் ‘பூவரசம் பீப்பீ’யோடு வந்தார். வம்சாவளியில் மகள்களின் பெயர் எழுதப்படத் தொடங்கியது இப்படித்தான்.

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருத்தி இப்போது உதவி இயக்குநர். “மேம், சீன் பேப்பர்ல தப்பு வந்தா திட்டுவாங்க, அது பரவாயில்ல. அவுட்டோர்ல காலையில நாலு மணிக்கு வேன் ஏறினதிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டேன்” என்றாள். கேரவன் நாயகிக்கு, யூனிட்டுக்கு வயல்வெளி. 2017இல் கேரளத்தில் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது ஊடகங்கள் பாலியல் கொடுமைப் பக்கங்களையே புரட்டின. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வேலை வாங்குவதும் அதே அறிக்கையில் உள்ளன. தலைப்புச் செய்திக்கு அவை போதவில்லை போலும். படப்பிடிப்புக் குழுவும் ஒரு பணியிடம், அதற்கும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்னதே 2022இல்தான். பெண்கள் சிகையலங்காரம் செய்யலாம், ஒப்பனை செய்யக் கூடாது என்று மும்பையின் தொழிற்சங்கம் வைத்திருந்த விதியை உச்சநீதிமன்றம் ரத்துசெய்தது 2014இல். ஒவ்வொரு வேலையையும் யார் செய்யலாம் என்று வரையறுக்க எத்தனை சுவர்கள் பாருங்கள்!

இயக்குநர்களானவர்களின் பெயர்களாவது ஏதோ ஒரு பட்டியலில் ஏறிவிடுகின்றன. ஒரு படம், இரண்டு படம் வேலை பார்த்துவிட்டுப் போன பெண்களிடம் சில காலமாகப் பேசிவருகிறேன். கல்யாணம், பிள்ளை, அப்பாவின் உடல்நிலை, சம்பளபாக்கி, ராத்திரி எட்டரைக்கே கதவைப் பூட்டிவிடும் லேடீஸ் ஹாஸ்டல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அவர்களில் ஒருவர் இப்போது பள்ளி ஆசிரியை. தன் பழைய கன்டினியூட்டி நோட்டுகள் இரண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார். டைட்டிலில் அவர் பெயர் வந்த படம் ஒன்றே ஒன்று. ஏழெட்டுப் பெயர்களோடு சேர்த்து, படிப்பதற்குள் போய்விடும். நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைக் காட்டினார்: “போன ஷாட்ல அந்தப் பொண்ணு வளையல் போட்டிருந்தா.”