பெண்ணாடத்துப் பாதங்களும் காலுறையின் ஆயுளும்

மலைப்பாதைகளில் ஓடுவோரிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழும். காலுறையை எப்போது மாற்ற வேண்டும்? கிழிந்த பிறகா, கிழிவதற்கு முன்பா? பார்வைக்கு அற்பமான கேள்விதான். ஆனால் பாதத்துக்கும் பாதைக்கும் இடையே எதை வைப்பது, அதை எப்போது கைவிடுவது என்பது மனிதன் நெடுந்தொலைவு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இருந்துவரும் கவலை. அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பெண்ணாடம் நினைவுக்கு வருகிறது.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்குத் தென்மேற்கே, வெள்ளாற்றை அடுத்துள்ள ஊர் இது. தேவாரம் இதன் கோயிலைத் தூங்கானை மாடம் என்கிறது. உறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்த கருவறை அமைப்பு அப்பெயரை விளக்கும். மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவர்கள் போற்றுவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தைப் படித்தவர்களுக்கோ இது பாதங்களின் ஊர்.

ஏழாம் நூற்றாண்டில் நாவுக்கரசர் இங்கு வந்தார். சமணத்தோடு தொடர்புண்ட உடலோடு வாழ விரும்பாமல், சூலமும் இடபமும் தம் தோளில் பொறிக்கப்பட வேண்டும் என வேண்டிப் பெற்றது இங்கேதான். அவரே பிற்காலத்தில் கயிலைக்கு நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் ஊர்ந்தார், கைகளும் தேய்ந்தபின் மார்பால் நகர்ந்தார், இறுதியில் புரண்டார் என்று சேக்கிழார் விவரிக்கிறார். உடலின் தேய்மானத்தை இத்தனை படிப்படியாகச் சொன்ன இடம் தமிழ்க் காப்பியங்களில் அரிது.

அதே தூங்கானை மாடத்திலிருந்துதான் சிறுவன் சம்பந்தர் திருநெல்வாயில் அரத்துறைக்குப் புறப்பட்டார். தந்தையின் தோளில் ஏறாமல் தளிர்ப்பாதம் நோவ நடந்தார். வழியில் மாறன்பாடியில் இரவு தங்கியபோது, அரத்துறையில் இருந்தவர்களின் கனவில் இறைவன் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் கொடுத்துவரப் பணித்தான். ஒருவருக்குப் பாதம் தேயத் தேய நடை. மற்றவருக்குப் பாதம் நொந்ததுமே பல்லக்கு. நம் மரபு இரண்டையும் அருள் என்றே கொண்டது.

மூன்றாவது கதை இந்த ஊர்க்காரருடையது. வணிகரான கலிக்கம்ப நாயனார் தம் இல்லத்துக்கு வரும் அடியார்களின் பாதங்களைக் கழுவி அமுதளிப்பவர். மனைவி கரகத்திலிருந்து நீர் வார்ப்பார். ஒருநாள் அடியாராக வந்தவன், முன்பு அவ்வீட்டில் ஏவல் செய்து விலகிப்போனவன். மனைவி அடையாளம் கண்டு, ஒரு கணம் தயங்கினார். கலிக்கம்பர் கரகத்தை வாங்கிக்கொண்டு அவர் கையைத் துணித்தார். பின் தாமே நீர் வார்த்துப் பாதம் விளக்கினார். இன்று இக்கதையைக் கூசாமல் வாசிக்க முடியவில்லை. வேலைக்காரனின் பாதம் வணங்கத்தக்கது என்று சொல்லும் கதைதான், ஒரு பெண்ணின் கையை அதற்கு விலையாகக் கேட்கிறது.

பாதத்தைப் போற்றிய மரபு அதை மூடவும் அறிந்திருந்தது. பெரும்பாணாற்றுப்படை, வழிச்செல்லும் வணிகர் அணிந்ததை ‘அடிபுதை அரணம்’ என்கிறது. செருப்பு என்பதே உரை. அரணம் என்பது கோட்டைக்கும் கவசத்துக்கும் உரிய சொல். அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர், எகிப்தின் ஆக்சிரிங்கஸில் ஒற்றை ஊசியால் பின்னப்பட்ட சிவப்புக் கம்பளிக் காலுறை இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்பு வார் நுழையும்படி அதில் பெருவிரல் தனியே பிரிக்கப்பட்டுள்ளது. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். 1958இல் ஸ்பான்டெக்ஸ் இழை கண்டுபிடிக்கப்பட்டது. காலோடு ஒட்டி நிற்கும் இன்றைய காலுறை அதன் பிள்ளை.

காலுறையை மாற்றுவது உயிர்ப்பிரச்சினை என்பதை உலகம் அறிந்தது முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் பதுங்குகுழிப் பாத நோய்க்கு ஆளாயினர். அதே குளிரில், அதே சேற்றில், இந்தியப் படைவீரர்களும் நின்றார்கள். ஈரம் பல நாள் விலகாதபோது குருதியோட்டம் குன்றி, சதை மரத்து அழுகியது. மருந்தைவிடப் பயன்பட்டது ஒழுங்கு: உலர்ந்த காலுறை மாற்று, திமிங்கில எண்ணெய்ப் பூச்சு, அதிகாரிகளின் பாதப் பரிசோதனை. வீரர்களை இருவர் இருவராக இணைத்து, ஒருவர் பாதத்துக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினார்கள்.

இன்றைய மலைப்பாதை ஓட்டத்துக்கு அந்த அளவு ஆபத்தில்லை. காரணம் மட்டும் அதுவே. ஈரம் தோலை மென்மையாக்குகிறது; மென்மையான தோலில் உராய்வு கூடுகிறது; தோலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்த இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. பருத்தி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால் நெடுந்தொலைவுக்கு உதவாது. மெல்லிய கம்பளியும் செயற்கை இழையும் மேல். ஆனால் எவ்விழையும் நிலையானதன்று. குதிகாலிலும் முன்பாதத்திலும் உள்ள மெத்தென்ற கண்ணிகள் நசுங்கித் தட்டையாகின்றன. நெகிழிழை தளர்கிறது. தளர்ந்த துணி மடிந்து, அம்மடிப்பே தோலை அறுக்கிறது. பாதையின் நுண்மணல் இழைகளுக்குள் தங்கி, துவைத்தாலும் போகாத உப்புத்தாளாகிறது.

ஆகவே மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் அளப்பது வீண். ஒருவர் ஓட்டம் செம்மண்ணில், ஒருவருடையது கருங்கல்லில். அடையாளங்களைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் குதிகாலில் ஒளி ஊடுருவுகிறதா? மேல்விளிம்பு இறங்கிவிடுகிறதா? துணி விறைத்திருக்கிறதா? துவைத்தபின்னும் வாடை நிற்கிறதா? இதுவரை நோகாத இடத்தில் புதிதாய்க் கொப்புளமா? இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அதனோடு நெடுந்தூரம் செல்லலாகாது. ஓட்டையைத் தைத்து ஓடலாம் என்பாரும் உண்டு. தையலின் தடிப்பு மற்றொரு கொப்புளத்துக்கு வித்தாகும். தைத்ததை வீட்டுக்குள் அணியலாம். நீண்ட ஓட்டத்தில் மாற்று இணையைப் பையில் வைத்து, ஓடையைக் கடந்தபின் மாற்றிக்கொள்வது நலம். சூடான நீரும் துணியை மிருதுவாக்கும் திரவமும் நெகிழிழையைக் கெடுக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இத்தனைக்கும் முன்நிபந்தனை ஒன்றுதான். குனிந்து பாதத்தைப் பார்க்க வேண்டும். பெண்ணாடத்து வீட்டில் ஒருவர் அதை நாள்தோறும் செய்தார். வழிநடைப் புழுதியும் வெடிப்பும் முள்ளும் கழுவுகிறவருக்கே முதலில் தெரியும். அந்தத் தயங்கிய கைக்கு எவ்விதச் சமாதானமும் சொல்லிவிட முடியாது. ஆனால் வாசலில் வந்து நின்றவன் யார் என்று கேளாமல், அவன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்க முனைந்த ஒரு வீடு அங்கே இருந்தது. நாம் நம் கால்களைப் பற்றியாவது அக்கேள்வியைக் கேட்கலாம், காலுறை கிழியும்வரை காத்திராமல்.