தனியே உண்ணும் முஸாபிர்



ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் நாம். வெளிநாடு போய், முன்பின் தெரியாத ஊரின் கபாப் கடையில் தனியே உட்காரும்போது நமக்கு ஏதோ குறைவது போலிருக்கும். இது நமக்கு மட்டும் உரிய உணர்வல்ல. அரபுகளில் கினானா கோத்திரத்தின் லைத் கிளையினர் தனித்து உண்பதைப் பாவமாகவே கருதினார்கள். துணைக்கு ஆள் வரும்வரை பசியோடு காத்திருந்தார்கள் என்று தஃப்ஸீர்கள் கூறுகின்றன. சேர்ந்து உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று ஸூரா அந்நூரின் 61ஆம் வசனம் அதை இலகுவாக்கியது.

கபாபுக்குப் பேர்போன துருக்கியின் வரலாற்றில், தனியே வரும் பயணிக்கு இரண்டு வழிகள் இருந்ததைக் காண்கிறோம்.

ஒன்று, விருந்தோம்பல். 1330களில் இப்னு பதூதா அங்கு போனபோது, அந்தாலியாவில் பழைய உடை உடுத்த ஒருவர் அவரைச் சாப்பிட அழைத்தார். அவர் செருப்புத் தைப்பவர்; சுமார் 200 தொழிலாளிகளின் தலைவர். 'அஹி' எனப்பட்ட அந்தச் சகோதரர்கள் பகலில் உழைத்ததை இரவில் விருந்தினருக்குச் செலவிட்டார்கள். லாதிக் நகரில் இப்னு பதூதாவை யார் உபசரிப்பது என்று இரு அஹிக் குழுக்கள் கத்தியை உருவும் அளவுக்குச் சண்டையிட்டு, கடைசியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்தன!

மற்றது, கடை. முழு ஆட்டைச் சுட்டால் அதை உண்ண ஒரு கூட்டம் வேண்டும். ஒரு கம்பியில் கோர்த்துச் சுட்ட இறைச்சியோ ஒருவருக்குப் போதும். 19ஆம் நூற்றாண்டில் கம்பியைச் செங்குத்தாக நிறுத்திச் சுடும் 'தோனர்' பரவியது. புர்ஸா நகரின் இஸ்கந்தர் எஃபெந்தியின் பெயர் இதில் பிரபலம். வெந்த வெளிப்பக்கத்தை மட்டும் சீவி, ரொட்டி மேல் வைத்து, தயிரும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்தால் ஒருவருக்கு ஒரு தட்டு. தனியாக வந்தவரும் கௌரவமாக உண்டு எழலாம்.

அதே இப்னு பதூதா 1344இல் நம் நாட்டிலும் கரையிறங்கினார். அந்த இடம் புத்தளம் என்றே கருதப்படுகிறது. முஸ்லிம் அல்லாத ஆரியச் சக்கரவர்த்தி அவரை மூன்று நாட்கள் கண்ணியமாக உபசரித்து, பாவாத மலைக்குப் போகத் துணைக்கு ஆட்களையும் அனுப்பினார்.

இன்று நம் ஊருக்கும் இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், சாமான் விற்க வந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த மதத்தவராயினும், இரவில் கடை மூலையில் தனியே கொத்து சாப்பிடுகிறார்கள். தனியே உண்பது அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் ஒரு நாளாவது அவர்களை வீட்டுக்கு அழைக்கும் கடமை நமக்கு இல்லையா?