கேற்வூட் அம்மையாரின் பை

மலைவழி நடக்கப் புறப்படுவோர் பலரை, மலை வருத்துவதற்கு முன்னரே முதுகிலுள்ள பை வருத்திவிடுகின்றது. இந்நோவுக்கு மருந்து தேடியவர்கள் நெடுங்காலம் ஒரே திசையில்தான் சிந்தித்தனர். சுமை இருக்கட்டும், அதனை உடல் தாங்கும்படி செய்வதெப்படி என்பதே அவர்களுடைய கேள்வியாயிருந்தது.

நோர்வே நாட்டினரான ஓலே பேர்கன், 1908ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில், தொளதொளத்த துணிப்பை முதுகில் அழுந்துவதைப் பொறாது, மரக்கொம்பொன்றை முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துப் பைக்குச் சட்டமாக்கினார். அதுவே பின்னர் உலோகச் சட்டமாயிற்று. கலிபோர்ணியாவில் தச்சுத் தொழில் செய்த டிக் கெல்ரி என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மலைப் பயணமொன்றின்போது சட்டத்தின் கீழ் முனைகளைத் தம் காற்சட்டையின் பின்பைகளிற் செருகிப் பார்த்தார். தோளை அறுத்த பாரம் இடுப்புக்கு இறங்கிற்று! 1952ஆம் ஆண்டு முதல் அவர் அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்கலானார். அவர் மனைவியார் பைகளைத் தைத்துக் கொடுத்தார். தோளுக்குப் பெரும் ஆறுதல் கிடைத்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும், தாங்க முடிகிறதென்றால் இன்னொரு பொருளையும் வைத்துக்கொள்ளலாமே என்பது மனித சுபாவம்.

கெல்ரி தொழில் தொடங்கி மூன்றாண்டுகள் கழிந்தபின், அமெரிக்காவின் மறுகோடியில், அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர் சட்டமும் இடுப்புப் பட்டியும் இல்லாத ஒரு பையுடன் மலையேறினார். அவர் பெயர் எம்மா கேற்வூட். ஓகையோ மாநிலத்துப் பண்ணைப் பெண்மணி. பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய். கணவனின் கையால் முப்பதாண்டுகளுக்கு மேலாக அடியும் உதையும் பட்டு, 1941இல் மணவிலக்குப் பெற்றவர். இல்லத்தின் கொடுமை பொறுக்கவொண்ணாத வேளைகளில் காட்டுக்குள் ஓடி ஒதுங்கியிருப்பது அவர் வழக்கம். நடையின் அருமையை அவர் கற்ற இடம் அது.

அப்பலேச்சியன் நெடும்பாதையைப் பற்றிச் சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரையை அவர் வாசித்தார். ஜோர்ஜியாவிலிருந்து மேயின் மாநிலத்துக் கற்றாடின் மலை வரை இரண்டாயிரம் மைலுக்கு மேல் நீளும் பாதை அது. 1954இல் வடமுனையிலிருந்து புறப்பட்டார். சில நாள்களுள் வழி தவறிற்று. மூக்குக் கண்ணாடி உடைந்தது. வனக் காவலர்கள் கண்டெடுத்து வீட்டுக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு மே 3ஆம் நாள், சும்மா நடந்துவிட்டு வருவதாகப் பிள்ளைகளிடம் கூறி, இம்முறை தென்முனையிலிருந்து நடக்கத் தொடங்கினார்.

அவர் கொண்டுசென்ற பை தம் கையாலே டெனிம் துணியில் தைத்தது. வாயைக் கயிற்றால் இறுக்கி ஒரு தோளில் மாட்டிக்கொள்ளும் சாக்கு என்றே சொல்லலாம். உள்ளே ஒரு கம்பளி, ஒரு மழையங்கி, நிலத்தில் விரிக்கவும் தலைக்கு மேற் பிடிக்கவும் உதவிய குளியலறைப் பிளாஸ்டிக் திரை, சிறிது மருந்து, உலர்ந்த முந்திரிகைப்பழம், கொட்டைகள், தகரத்திலடைத்த இறைச்சி. கூடாரமில்லை, துயிற்பையில்லை. எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 20 இறாத்தலுக்கு உட்பட்டே இருந்தது. காலிலிருந்தது கன்வஸ் சப்பாத்து. குளிரிரவுகளில் கல்லை நெருப்பிற் சுடவைத்து அதன்மேற் படுத்தார். 146 நாள் நடந்து, செப்டெம்பர் 25ஆம் நாள் கற்றாடின் உச்சியை அடைந்தார். அப்பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் தனியே நடந்து முடித்த முதற் பெண்மணி அவரே.

இவ்வெற்றியைக் கண்டு அவர் பையை அப்படியே பின்பற்றுதல் அறிவுடைமையாகாது. ஒரு தோளில் தொங்கும் பை உடலை ஒருபுறம் சாய்க்கும். அவ்வாண்டின் ஓகஸ்ட் புயல்களால் வெள்ளம் பெருகியபோது, வெர்மொண்டில் பாலம் போய்விட்ட ஓரிடத்தில், கடற்படை இளைஞர் இருவர் அவரைத் தமக்கு நடுவே கயிற்றாற் பிணைத்துக் கடக்கச் செய்தனர். பல இரவுகளில் அயலார் வீட்டுக் கதவே அவருக்குக் கூடாரமாயிற்று. சஞ்சிகை காட்டிய பாதை வேறு, தாம் கண்ட பாதை வேறு என்று அவரே பின்னர் குறைப்பட்டார். அவர் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் எதை வீட்டில் விட்டுச் செல்வது என்ற கேள்வியைப் பைக்கு முன்னே வைத்தாரே, அது எவர்க்கும் வாய்க்கக்கூடியது.

விண்வெளித் துறையிற் பொறியியலாளராயிருந்த றே ஜார்டீன் பின்னாளில் இதே கேள்வியை முறைப்படி ஆராய்ந்தார். 1992இல் வெளிவந்த அவர் நூலைப் படித்து, சட்டமற்ற பைகளைத் தாமே தைத்துக்கொண்டவர் பலர். இதற்குள்ளிருக்கும் நியாயம் எளிது. சட்டத்தின் வேலை பாரத்தை இடுப்புக்கு இறக்குவது. பாரமே இல்லையெனில் சட்டமும் வெறும் பாரமே.

ஒரு பகல் விரைந்து நடந்து மாலையில் வீடு திரும்புபவருக்கு இந்நியாயம் முழுவதும் பொருந்தும். அவர் சுமையிற் பெரும்பங்கு தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. அதனோடு உணவு, மழையங்கி, ஒரு கம்பளிச் சட்டை, சிறு மருந்துப் பொதி, ஒரு மின்சூள். இவற்றுக்குப் பதினைந்து முதல் இருபது லீற்றர் கொள்ளும் மெல்லிய பை போதும். வாங்கும்போது தண்ணீர்ப் போத்தலை உள்ளே வைத்து, கடைக்குள்ளேயே நாலடி ஓடிப் பார்த்தல் நன்று. குதிக்கும் பை நாள் முழுதும் குதிக்கும். மார்புப் பட்டி அதனை அடக்கும். தடித்த இடுப்புப் பட்டி இங்கு வேண்டுவதில்லை. மிகப் பெரிய பை காலியாக இருக்க ஒருபோதும் ஒப்பாது. மிகச் சிறியதோ மழையங்கியை வெளியே தொங்கவிடச் செய்யும்.

கேற்வூட் அம்மையார் 1957இல் அந்நெடும்பாதையை மீண்டும் நடந்தார். 1964இல் மூன்றாம் முறையும் முடித்தார். இறுதி ஆண்டுகளில் தம் சொந்த மாநிலத்து ஹொக்கிங் குன்றுகளில், ஜனவரிக் குளிரில், ஊரவரோடு ஒரு நாள் நடை நடப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. 1973இல் அவர் காலமானார். அக்குன்றுகளில் முதியவர் குகையிலிருந்து சாம்பற் குகை வரை செல்லும் ஆறு மைல் வழிக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது.