வீட்டிலேயே ‘எஸ்கேப் ரூம்’ பார்ட்டி: ரஞ்சன்குடி கோட்டைச் சாவியைத் தேடி 45 நிமிடம்... எப்படி நடத்துவது?

பிறந்தநாளுக்கு நண்பர்கள் வருகிறார்கள். கேக் வெட்டி, செல்ஃபி எடுத்து முடித்தால் எல்லோரும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு வைக்கலாம். பெரிய நகரங்களில் காசு கட்டி ஆடும் எஸ்கேப் ரூமை, பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருக்கும் உங்கள் வீட்டு ஹாலிலேயே நடத்த முடியும். செலவும் பெரிதாக இல்லை.

எஸ்கேப் ரூம் என்றால் என்ன?

ஒரு குழு ஒரு அறைக்குள் போகும். அங்கே ஒளிந்திருக்கும் குறிப்புகளைக் கண்டுபிடித்து, புதிர்களை அவிழ்த்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் தகாவோ கடோ என்பவரின் ‘ஸ்க்ராப்’ நிறுவனம் இதைத் தொடங்கியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

என்னென்ன தேவை?

பீரோ மேல் தூசி பிடித்துக் கிடக்கும் நம்பர் லாக் சூட்கேஸ், ஒரு பழைய ஸ்மார்ட்போன், முகம் பார்க்கும் கண்ணாடி, பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒரு பழைய சாவி. அவ்ளோதான்!

கதை என்ன?

‘ரஞ்சன்குடி கோட்டைச் சாவி காணோம். 45 நிமிடத்தில் கண்டுபிடிக்கணும்.’ நம்ம ஊர்க் கதை என்றால் ஆர்வம் தானாக வரும்.

புதிர்களை எப்படி அமைப்பது?

புதிர் 1: மெல்லிய தாளில் ‘அரிசி டப்பா’ என்று எழுதி, தாளைத் திருப்பிப் பின்பக்கம் தெரிவதை இன்னொரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும்.

புதிர் 2: அரிசி டப்பாவுக்குள் ஒரு சீட்டு. ‘தமிழ் எழுத்துகள் மொத்தம் எத்தனை?’ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. இதுதான் சூட்கேஸ் நம்பர்.

புதிர் 3: சூட்கேஸுக்குள் தமிழ் எண்களின் அட்டவணையும், 12 துண்டாக வெட்டிய ரஞ்சன்குடி கோட்டைப் படமும். துண்டுகளைச் சேர்த்துத் திருப்பினால் பின்னால் ‘௧௭௫௧’ என்றிருக்கும். அதாவது 1751. ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் மோதிய வாலிகொண்டா போர் நடந்த ஆண்டு. பழைய போனின் பின் நம்பரும் அதுவே.

புதிர் 4: போனைத் திறந்தால் ஒரே ஒரு படம். பாட்டியின் சுருக்குப்பை! ஹாலில் ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம்தான் சாவி இருக்கிறது.

விதிகள் என்ன?

ஒரு அணியில் 4 முதல் 6 பேர் போதும். 3 குறிப்புகள் மட்டும் கேட்கலாம். மூன்று இலக்க லாக்கில் 1,000 எண்கள்தான் உண்டு என்பதால், ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்கத் தடை போடுங்கள். போனில் தப்பான நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டால் சிறிது நேரம் லாக் ஆகிவிடும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் நாளே, விடை தெரியாத ஒருவரை ஆட வைத்துப் பாருங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அங்கே குறிப்பைச் சேருங்கள்.

கதவைப் பூட்டலாமா?

கூடவே கூடாது. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷலின் நகரில், எஸ்கேப் ரூமில் பிறந்தநாள் கொண்டாடிய 15 வயதுச் சிறுமிகள் 5 பேர் தீ விபத்தில் உயிரிழந்தனர். அறையிலிருந்து தப்பிக்க அவசர வழி இல்லை. அதன்பின் அந்நாட்டில் இத்தகைய இடங்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தப்பட்டு, பல மூடப்பட்டன.

எனவே கதவைச் சும்மா சாத்தினால் போதும். ‘பூட்டியிருக்கு’ என்பது கதையில் மட்டும் இருக்கட்டும். மெழுகுவர்த்தி, கற்பூரம் வேண்டாம். கரண்ட் போனால் டார்ச் தயாராக இருக்கட்டும். சுவிட்ச் போர்டு, கேஸ் அடுப்பு, மருந்துப் பெட்டி பக்கம் குறிப்புகளை ஒளிக்காதீர்கள். மூச்சுத்திணறல், அடைபட்ட இடத்தில் பயம் உள்ளவர்கள் வெளியே இருந்து நேரம் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும்.

சாவி கிடைத்ததும் கேக் வெட்டுங்கள். விளையாடியவர்களுக்குக் கோட்டையை நேரில் பார்க்க ஆசை வந்தால், பெரம்பலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் போதும்.