கை தவறிய தோட்டாக்கள்



"போலீஸ்காரரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது" என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருப்போம். துப்பாக்கி தானாக வெடிக்குமா? அமெரிக்கப் போலீசின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

போதைப்பொருள் கும்பல்களைச் சமாளிக்க, 1988-இல் வாஷிங்டன் நகரப் போலீஸ் பழைய ரிவால்வரை விட்டு கிளாக் பிஸ்டலுக்கு மாறியது. ரிவால்வரின் ட்ரிகரை இழுக்க சுமார் 12 பவுண்டு அழுத்தம் தேவை. கிளாக்குக்கு 5 பவுண்டு சொச்சம் போதும். கையால் போடும் பாதுகாப்புப் பூட்டும் அதில் கிடையாது. கழற்றிச் சுத்தம் செய்யவே ட்ரிகரை ஒருமுறை இழுக்க வேண்டும். உள்ளே ஒரு தோட்டா மறந்து கிடந்தால்...? துப்பாக்கி மாறிய அளவுக்குப் பயிற்சி மாறவில்லை. பத்து ஆண்டுகளில் 120-க்கும் மேற்பட்ட முறை தவறுதலாக வெடித்ததை 1998-இல் வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டு வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிப் துறையிலும் இதே கதைதான். பாதுகாப்புப் பூட்டு இல்லாத புதிய பிஸ்டல் வந்தபின், இத்தகைய சம்பவங்கள் 2012-இல் 12 ஆக இருந்தது 2014-இல் 30 ஆனது.

விரல் ஏன் இழுக்கிறது? உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோகா 2003-இல் மூன்று காரணங்களை விளக்கினார்:

1. திடுக்கிடுவது
2. கால் இடறித் தடுமாறுவது
3. மறு கையால் எதையாவது இறுக்கிப் பிடிப்பது (ஒரு கை இறுகினால் மற்றதும் தானே இறுகும்)

இவை நம் கட்டுப்பாட்டில் இல்லாதவை. அப்படியானால் ட்ரிகரைக் கடினமாக்கினால் போதுமா? நியூயார்க் போலீஸ் அதைத்தான் செய்தது. கிளாக்கிலேயே 12 பவுண்டு ட்ரிகர்! ஆனாலும் 2014 நவம்பரில், புரூக்ளினில் இருட்டான மாடிப்படியில் துப்பாக்கியை உருவிப் பிடித்திருந்த ஓர் இளம் காவலரின் தோட்டா, சுவரில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்தில் நின்ற 28 வயது நிராயுதபாணியின் உயிரைப் பறித்தது. 2016-இல் அந்தக் குடும்பத்துக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரப்பட்டது.

வணிகவியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான். துப்பாக்கி வாங்கும் செலவைக் கணக்கில் எழுதுகிறார்கள், பயிற்சிச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். கடைசியில் அந்த மிச்சம் இழப்பீடாகப் போகிறது. போன உயிருக்கோ எந்தக் கணக்கிலும் ஈடு இல்லை.

தடுக்கும் வழி எளியது: சுட முடிவு செய்யும்வரை விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். தேவையில்லாமல் துப்பாக்கியை உருவக் கூடாது. சொல்ல ஒரு நிமிடம் போதும். பதற்றத்திலும் விரல் அதை மறக்காமல் இருக்க, ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும்.