கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

முதலாம் வருடத்துக்கு வந்த பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் எங்கட யாழ்ப்பாணக் கம்பஸைச் சுற்றிக் காட்டினோம். நூலகம், கைலாசபதி கலையரங்கு, பரமேஸ்வரன் கோயில், கன்ரீன் என்று வழமையான சுற்றுத்தான். முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபிக்கு முன்னால் வந்ததும் ஒரு தங்கச்சி கேட்டா: "அக்கா, இது எப்ப கட்டினது?" எங்களில் ஒராள் "2021" என்றார். மற்றவர் "இல்லை, அதுக்கு முதலே இருந்தது" என்றார். மூன்றாம் ஆள் "இது ரெண்டாந்தரம் கட்டினது" என்றார். மூன்று பேர் சொன்னதும் சரி. ஆனால் கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் விளங்கேல்லை.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு அந்தத் தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் கூடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 11ஆம் திகதி வடக்கு கிழக்கில் ஹர்த்தால். அன்றைக்கே மறுபடி கட்டுவதற்கு அடிக்கல் வைக்கப்பட்டது. ஏப்ரல் 23ஆம் திகதி புதிய தூபி திறக்கப்பட்டது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஃபோனில் படம் பார்த்துத்தான் அறிந்தோம். அன்றைக்கு வாசலில் நின்ற அண்ணாமார், அக்காமார் பட்டம் முடித்துப் போய்விட்டார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு கம்பஸின் ஆட்கள் முழுக்க மாறிவிடுகிறார்கள். கல் அதே இடத்தில் நிற்கும், கதை தெரிந்தவர் நிற்கமாட்டார்.

வேறு பல்கலைக்கழகங்கள் இதற்கு என்ன செய்கின்றன என்று தேடிப் பார்த்தோம். வளாகத்துச் சிற்பங்களைக் காட்டிக் கூட்டிப்போகும் நடைகள் பல நாடுகளில் உண்டு. சிற்பி யார், வெண்கலமா உருக்கா, எந்த ஆண்டு வைத்தது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அதுவும் தேவைதான். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது அமெரிக்காவில் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சப்பல் ஹில் வளாகத்தில் நடந்த நடை. நாங்கள் அங்கே போனதில்லை. வாசித்தும், அந்த நடையின் இணைய வடிவத்தைப் பார்த்தும்தான் இதை எழுதுகிறோம்.

ஆபிரிக்க அமெரிக்கக் கற்கைகள் படிப்பித்த ரிம் மக்மிலன் 2001இல் அந்த நடையைத் தொடங்கினார். பெயர் 'கறுப்பும் நீலமும்'. நீலம் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் அடிபட்டுக் கன்றிப்போன உடம்பு என்றும் அர்த்தம். 1793இல் அடிக்கல் நாட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தின் முதற் கட்டடங்களை எழுப்பியதில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பு இருக்கிறது. பெயரிலேயே கதை தொடங்கிவிடுகிறது.

நடையில் ஒரு தரிப்பு 'சைலன்ட் சாம்' என்று மாணவர்கள் கூப்பிட்ட சிலை. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகப் போரிடப் போன மாணவர்களுக்கென்று 1913 ஜூன் 2ஆம் திகதி திறக்கப்பட்டது. கையில் துவக்கோடு நிற்கும் இளம் சிப்பாய். இடுப்பில் தோட்டாப் பெட்டி இல்லை, சுட ஏலாது, அதனால் 'பேசாத சாம்'. புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்ல இதைப் பற்றிப் பகிடிக் கதைகளும் இருந்தன. இவ்வளவோடு நிறுத்தினால் அது ஒரு அப்பாவிச் சிலை.

ஆனால் திகதியைப் பாருங்கள். போர் முடிந்தது 1865இல். சிலை வந்தது 48 வருடம் கழித்து. இடையில் 1900இல், எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் வைத்து, வட கரோலைனாவில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் எழும்பிய சிலை இது. திறப்பு விழாவில் பேசியவர்களில் ஒருவர் ஜூலியன் கார் என்ற பெரிய தொழிலதிபர். போர் முடிந்து வந்த புதிதில், தான் அப்போது நின்று பேசிய இடத்துக்குக் கிட்டவே ஒரு கறுப்பினப் பெண்ணைக் குதிரைச் சவுக்கால் அடித்ததை அவர் மேடையில் பெருமையாகச் சொன்னார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு ஆவணக் காப்பகத்தில் தூங்கிக் கிடந்தது. வரலாறு படித்துக்கொண்டிருந்த அடம் டொம்பி என்ற ஆய்வு மாணவர் அதை அங்கே கண்டெடுத்து, 2011இல் மாணவர் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார்.

அதுக்குப் பிறகு சாம் 'பேசாத' சிலை இல்லை. அதே வெண்கலம், அதே மரநிழல். பக்கத்தில் நின்று சொல்வதற்கு ஒரு வசனம் கிடைத்ததும் சிலையே மாறிவிட்டது. அடிவாங்கிய பெண்ணின் பெயரைக் கார் சொல்லவில்லை. சிலைக்குப் பட்டப்பெயர் இருந்தது, அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

அதே புல்வெளியில் இன்னொரு சிற்பம், 2005இல் வைத்தது. கொரியச் சிற்பி டோ ஹோ சு செய்தது, 2002இல் பட்டம் பெற்ற மாணவர்களின் அன்பளிப்பு. வட்டமான ஒரு கல்மேசை. அதைக் கீழே நின்று கைகளால் தாங்குவது 300 சின்ன வெண்கல மனிதர்கள். பல்கலைக்கழகத்தைக் கட்டி எழுப்பிய, பாடப்படாத கறுப்பின மக்களுக்கானது. நல்ல நோக்கம்தான். ஆனால் மேசை என்றால் ஆட்கள் என்ன செய்வார்கள்? சாப்பாட்டை வைத்துச் சாப்பிடுவார்கள், புத்தகத்தை வைப்பார்கள். யாரை நினைக்க வைத்தார்களோ அவர்களின் தலைக்கு மேலேயே கோப்பிக் கோப்பை. சாம் உயரமான பீடத்தில், இவர்கள் முழங்காலுக்குக் கீழே. இந்த உயர வித்தியாசத்தைச் சொல்லாமல் அந்த இடத்தைக் கடந்து போனால் நடையில் பிரயோசனமில்லை.

வளாகத்தையொட்டிய பழைய சேமக்காலையில் இன்னொரு கல் இருக்கிறது. எங்களை அதிகம் உலுக்கியது அதுதான். அங்கே கறுப்பினத்தவரைப் புதைத்த பகுதியைக் கற்சுவர் ஒன்று பிரிக்கிறது. அந்தப் பக்கம் பெயரில்லாத குழிகள் நிறைய. அதற்குள் ஒரு தூபி, வில்சன் கோல்ட்வெல் உட்படப் பல்கலைக்கழகத்துக்கு உழைத்த கறுப்பினத்தவர்களுக்கானது. ஆனால் அந்தக் கல் அவர்களுக்கென்று வெட்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஜோசப் கோல்ட்வெல்லுக்கு முதலில் வைத்த நினைவுக்கல் அது. அவருக்குப் புதிதாக ஒன்று செய்தபிறகு மிஞ்சிய பழைய கல்லை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வில்சனின் தகப்பன் நவம்பர், அந்த ஜோசப் கோல்ட்வெல்லின் அடிமை. குடும்பப் பெயரும் எசமானுடையது, நினைவுக்கல்லும் எசமான் கழித்துவிட்டது. கல்லை மட்டும் பார்த்தால் "பரவாயில்லை, மரியாதை செய்திருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம்.

சாம் கடைசியில் விழுந்தது 2018 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு, புதிய தவணை தொடங்குவதற்கு முதல்நாள். நினைவுச்சின்னங்களை அகற்றுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் ஒன்று 2015இல் வந்திருந்தது. அதனால் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் சிலை அசையவில்லை. ஆர்ப்பாட்டக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். மிச்சமிருந்த பீடத்தை 2019 ஜனவரியில், ஒரு இரவில், பல்கலைக்கழகமே அகற்றியது.

ஜனவரி, இரவு. வாசிக்கும்போது எங்களுக்கு ஒருமாதிரி இருந்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. "அங்கேயும் இடிச்சவை, இங்கேயும் இடிச்சவை, சிலை எண்டாலே பிரச்சினைதான்" என்று கதைப்பவர்கள் இருக்கிறார்கள். சாமை வைத்தவர்களிடம் பணமும் வாக்கும் சட்டமும் இருந்தன. அது அடிவாங்கியவர்களின் நெஞ்சுக்கு நேரே நின்ற சிலை. எங்கட தூபி செத்தவர்களை நினைத்து அழுவதற்கு வைத்தது, அதைக் காக்க ஒரு சட்டமும் வரவில்லை. எது இடிந்தது என்பதோடு, யார் வைத்தது, யாருக்கு எதிரே வைத்தது, யார் இடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கல் இதைச் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் ஆள்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்றும் விளங்கியது. சாம் நின்ற இடத்தில் இப்போது சிலையும் இல்லை, பீடமும் இல்லை. அந்த வெறும் நிலத்தில் நின்றும் கதை சொல்லலாம். இங்கே நாங்கள் தூபியைத் திரும்பக் கட்டிவிட்டோம். கட்டியதால், இடித்தது மறந்துபோகவும் இடமிருக்கிறது. புதுத் தூபி எப்போதும் அங்கேயே இருந்ததுபோலத்தான் தெரியும். அந்தத் தங்கச்சியின் கேள்வி அங்கேயிருந்துதான் வந்தது.

அதனால் எங்கட கம்பஸிலும் ஒரு நடை செய்து பார்ப்போம் என்று யோசித்திருக்கிறோம். பெரிய திட்டமில்லை. கோயிலடியில் தொடங்கலாம்: 1921இல் பொன்னம்பலம் இராமநாதன் தொடக்கிய பரமேஸ்வராக் கல்லூரி, 1974இல் இங்கே வந்த வளாகம். பிறகு பொங்குதமிழ் நினைவுத்தூணடியில் 2001 ஜனவரி 17ஐப் பற்றி. கடைசியில் முள்ளிவாய்க்கால் தூபி. ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விகள்: எப்ப வைத்தது, ஆர் வைத்தது, அதுக்கு முதல் இந்த இடத்தில் என்ன இருந்தது. எங்களுக்குப் பிடிக்காத பதில்கள் வந்தாலும் சொல்லத்தான் வேணும். இல்லாவிட்டால் எங்கட நடையும் இன்னொரு திறப்பு விழாப் பேச்சாகப் போய்விடும். 2021இல் வாசலில் நின்றவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. அதுக்கே இப்போது பிந்திவிட்டது.

அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லேல்லை. முதல் நடைக்கு அவவையும் கூப்பிடுவம். அடுத்த வருடம் வாற பிள்ளைகளை அவதான் கூட்டிக்கொண்டு போகவேணும்.