தூளியும் தறியும்

காஞ்சிபுரத்தின் நெசவு நேற்று வந்ததல்ல. 10-ஆம் நூற்றாண்டிலேயே உத்தம சோழன், ஊரகப் பெருமாள் கோயிலின் நிர்வாகப் பொறுப்பை இவ்வூர் நெசவாளர்களிடம் ஒப்படைத்ததாகச் செப்பேடு சொல்கிறது. இத்தனை பழைய நெசவூரில் பிறந்த குழந்தைக்குப் படுக்கை எந்தத் துணியில்? பட்டில் அல்ல!

கண்ணனுக்குப் பிரமன் பொன் தொட்டில் அனுப்பியதாகப் பெரியாழ்வார் பாடினார். மனிதக் குழந்தைக்கோ, உத்தரத்தில் கட்டிய தாயின் பழைய நூல்புடவைதான் தூளி. வறுமையால் மட்டும் வந்த வழக்கமென்று இதை நினைத்துவிடக் கூடாது. பலமுறை துவைத்த பருத்தி மிருதுவாகிவிடும். ஈரத்தை உறிஞ்சும், காற்றை விடும், தினம் நாலு தடவை அலசினாலும் தாங்கும். பட்டு அத்தனை சலவைக்கு ஈடு கொடுக்காது. சரிகையோ உடம்பில் உறுத்தும். துணியை அறிந்தவர்களின் தேர்வு அது.

தூளியை விட்டு இறங்கிய பிறகு? கோர்வைப் புடவையில் கரைக்கு நாடா எறிய, நெசவாளர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பெரும்பாலும் ஒரு சிறுவனின் கையாகவே இருந்தது. பெற்றவர்கள் வாங்கிய முன்பணம் கடனாகிப் பல பிள்ளைகளைத் தறியோடு கட்டிப்போட்டது. 1986-இல் சட்டம் வந்தது. 2016-இல் அது இறுகியது. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது.

குழந்தைக்கு நல்ல துணி தேடுவது பாதிக் கடமைதான். விழித்தெழுந்த பிள்ளை பள்ளியில் உட்காருகிறதா, தறியில் உட்காருகிறதா என்று பார்ப்பதல்லவா மீதிக் கடமை?